குப்பை நிறுவனத்தில் நவீன அடிமைத்தனம்: அறிக்கையை எழுதும் முன் சம்பளப் பட்டியலைத் திறந்து பாருங்கள்

கேட்டவர் பர்மிங்ஹாம் பக்கம் ஒரு கழிவு மேலாண்மை நிறுவனத்தில் கொள்முதல் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். ஆண்டுதோறும் வெளியிட வேண்டிய நவீன அடிமைத்தன அறிக்கையை, அதாவது ஏமாற்றியோ மிரட்டியோ ஆட்களை வேலை வாங்கிச் சுரண்டுவதைத் தடுக்க நிறுவனம் என்ன செய்தது என்று சொல்லும் அறிக்கையை, தயாரிக்கும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது. போன வருட அறிக்கையில் தேதியை மட்டும் மாற்றினால் போதும் என்கிறாராம் மேலாளர். "நாங்கள் சட்டப்படி சம்பளம் கொடுக்கிறோம், எல்லோருக்கும் வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று பாஸ்போர்ட் பார்த்துத்தான் எடுக்கிறோம், அப்புறம் எங்கள் கம்பெனியில் அடிமை எங்கிருந்து வருவான்?" என்பது கேள்வி.

மேலாளர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். சட்டப்படி அவர் சொல்வதில் பெரிய பிழை இல்லை, அதுதான் கொடுமை. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி ஆண்டு விற்றுமுதல் 36 மில்லியன் பவுண்டோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் அறிக்கை வெளியிட வேண்டும். அதில் இன்னின்ன செய்தோம் என்று எழுதலாம், அல்லது "இந்த ஆண்டு ஒரு நடவடிக்கையும் எடுக்கவில்லை" என்று எழுதி வெளியிடலாம், இரண்டையும் சட்டம் ஏற்றுக்கொள்ளும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பிரிவிலேயே அப்படித்தான் இருக்கிறது. அறிக்கையே வெளியிடாத நிறுவனத்தின் மேல் அமைச்சர் நீதிமன்றம் போய் ஆணை வாங்கலாம், ஆனால் நேரடி அபராதம் என்று எதுவும் இல்லை. ஆக சட்டத்துக்குப் பயந்துதான் இதைச் செய்ய வேண்டும் என்றால், தேதியை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கும் கம்பெனியில் அடிமை இருக்க முடியுமா? இருந்திருக்கிறார்கள், அதுவும் உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே. ஆபரேஷன் ஃபோர்ட் என்று வெஸ்ட் மிட்லண்ட்ஸ் போலீஸ் நடத்திய விசாரணையைப் பற்றி உங்கள் மேலாளருக்கு ஞாபகப்படுத்துங்கள். 2012 நடுவிலிருந்து 2017 வரை ஒரு கும்பல் போலந்திலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. பொறுக்கி எடுத்த ஆட்கள்: வீடு இல்லாதவர்கள், சிறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர்கள், குடியில் விழுந்தவர்கள். நல்ல வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்றி, வெஸ்ட் ப்ராமிச், வால்சால், ஸ்மெதிக் பக்கம் எலி ஓடும் வீடுகளில் அறைக்கு நாலு பேர் வரை அடைத்து வைத்தார்கள். தண்ணீர் வராத வீட்டில் இருந்தவர்கள் கால்வாயில் போய்க் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். கும்பல் சேர்த்தது 20 லட்சம் பவுண்ட் அளவில், பாதிக்கப்பட்டவர்கள் 400 பேருக்கு மேல் இருப்பார்கள் என்பது போலீஸ் கணக்கு. எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பான விஷயம் 2019இல் வெளியே வந்தது.

இவர்கள் எங்கே வேலை செய்தார்கள்? பண்ணைகளில், வான்கோழி வெட்டும் ஆலைகளில், மறுசுழற்சி மையங்களில். எல்லாம் பெயர் சொல்லி நடக்கிற, கணக்கு வழக்கு ஒழுங்காக உள்ள இடங்கள். பாஸ்போர்ட் அசல், அப்போது போலந்தைப் போலவே பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்ததால் வேலை செய்யும் உரிமையும் அசல். சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் வங்கிக்குப் போயிருக்கிறது. கணக்கு தொழிலாளியின் பெயரில், ஏடிஎம் கார்டு கும்பலின் கையில். வாரம் முழுக்க பெல்ட்டில் நின்றவனுக்குக் கையில் வந்தது சில சமயம் 20 பவுண்ட். வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றுக்குள்ளேயே கும்பலைச் சேர்ந்த பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்திருந்தாள், எனவே பதிவுக் காகிதத்தில் குறை கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. விஷயம் வெளியே வந்தது எந்த நிறுவனத்தின் தணிக்கையாலும் இல்லை, தப்பி வந்த இரண்டு பேர் 2015இல் ஹோப் ஃபார் ஜஸ்டிஸ் என்ற தொண்டு நிறுவனத்திடம் போய்ச் சொன்னதால்.

இது புரிந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்தது. உங்கள் நிறுவனம் சட்டப்படி கொடுக்கும் சம்பளம்தான் கங்காணியின் வருமானம். அவனுக்குச் சட்டத்தை மீறும் முதலாளி தேவையில்லை, ஒழுங்காகச் சம்பளம் போடும் முதலாளிதான் வசதி.

ஏன் குப்பை? ஒரு முறை இரவு ஷிப்டில் உங்கள் பிரிப்புக் கூடத்துக்குப் போய் நில்லுங்கள், அலுவலகத்தில் இருந்துகொண்டு இது விளங்காது. உயரத்தில் ஒரு தகரக் கூண்டு, நடுவில் பெல்ட் ஓடுகிறது, இரண்டு பக்கமும் ஆட்கள். வீடுகளின் மறுசுழற்சித் தொட்டியில் போடக்கூடாததையெல்லாம் போட்டிருப்பார்கள்: குழந்தை டயப்பர், சின்ன கேஸ் சிலிண்டர், வேப் பேட்டரி, ஊசி, சில நாட்களில் செத்த பூனை கூட. அதையெல்லாம் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். காதில் அடைப்பான், முகத்தில் மாஸ்க், மோட்டார் இரைச்சல். பக்கத்தில் நிற்பவனோடு பன்னிரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்யலாம். ஆங்கிலம் தேவையில்லை, அனுபவம் தேவையில்லை, பழைய வேலையில் நடத்தைச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. பத்து பேர் சேர்ந்தால் ஒரு மாதத்தில் பாதி பேர் ஓடிப்போகிற வேலை என்பதால் ஏஜென்சியிடம் "நாளைக்குக் காலை ஆறு பேர் அனுப்பு" என்று போன் போடுவதே வழக்கம். அந்த ஆறு பேரை எங்கிருந்து பிடித்தான் என்று ஷிப்ட் மேலாளர் கேட்க மாட்டார், அவருக்கு பெல்ட் ஓட வேண்டும்.

இன்னொரு ஓட்டை சட்டத்திலேயே இருக்கிறது, நம் ஆட்கள் பலருக்கு இது தெரியாது. 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் சிப்பி பொறுக்கிய சீனத் தொழிலாளர்கள் குறைந்தது 21 பேர் கடல் ஏறி மூழ்கிச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் கூலி ஆள் அனுப்புகிறவர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது, அந்த உரிமத்தை வழங்க வந்த ஜி.எல்.ஏ.ஏ. என்ற அமைப்பின் வேர் அங்கே இருக்கிறது. (இதன் வேலையை ஃபேர் வொர்க் ஏஜென்சி என்ற புது அமைப்புக்குள் கொண்டுவரவும் சட்டம் வந்திருக்கிறது.) ஆனால் அந்த உரிமம் விவசாயம், சிப்பி, உணவு பதப்படுத்தலும் பொட்டலம் கட்டுதலும் என்ற வட்டத்துக்குத்தான். முட்டைக்கோஸ் வயலுக்கு ஆள் அனுப்ப உரிமம் வேண்டும், அதே ஆட்களை அதே வேனில் உங்கள் பிரிப்புக் கூடத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை. எனவே "எங்கள் ஏஜென்சி உரிமம் பெற்றது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், எந்த வேலைக்கு என்று கேளுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொள்கை ஆவணத்தைத் தொடவே மாட்டேன். பேரோல் (சம்பளக் கணக்கு) பிரிவில் இருப்பவரிடம் போய் நட்பாகப் பேசி, வேலை செய்கிற எல்லோருடைய பட்டியலையும் எக்செல்லில் வாங்குவேன். ஏஜென்சி ஆட்களின் பட்டியலை ஏஜென்சியிடம் கேட்பேன், ஒப்பந்தத்தில் அந்த உரிமை இல்லையென்றால் முதலில் அதைச் சேர்ப்பேன். பிறகு நாலு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள்: வங்கிக் கணக்கு எண், வீட்டு முகவரி, கைபேசி எண், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் பெயர். ஒரே கணக்கில் இரண்டு பேர் சம்பளம் விழுகிறதா, சொந்தமில்லாத ஐந்து பேருக்கு அவசரத் தொடர்பு ஒரே ஆளா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இது ஏதோ துப்பறியும் வேலை என்று நினைக்காதீர்கள். 2024இல் பிபிசி வெளிக்கொண்டுவந்த கேம்பிரிட்ஜ்ஷையர் வழக்கில், மெக்டொனால்ட்ஸ் கிளை ஒன்றில் வேலை செய்த குறைந்தது நான்கு பேரின் சம்பளம் ஒரே வங்கிக் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. செக் குடியரசிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கிளையில், ஒரு வரிசைப்படுத்தலில் தெரிந்திருக்க வேண்டியது, வருடக்கணக்கில் தெரியாமல் போனது.

ஆனால் இந்தப் பட்டியலை மட்டும் நம்பி யாரையும் சந்தேகப்பட்டுவிடாதீர்கள். ஒரே முகவரியில் எட்டுப் பேர் இருப்பது குற்றம் என்றால் லண்டன் ஈஸ்ட் ஹாமில் தங்கிப் படித்த நம் பிள்ளைகளில் பாதிப் பேர் உள்ளே போக வேண்டியிருக்கும். கணவன் மனைவிக்குக் கூட்டுக் கணக்கு இருக்கும். புதிதாக வந்தவனுக்கு வங்கிக் கணக்கு திறக்க வாரக்கணக்கில் ஆவதால் அண்ணன் கணக்கைக் கொடுத்திருப்பான். ஃபோர்ட் வழக்கில் கணக்குகள் தனித்தனிப் பெயரில் இருந்ததையும் மறக்க வேண்டாம், அங்கே கணக்கு எண்ணை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றும் கிடைத்திருக்காது. இரண்டு மூன்று விஷயம் ஒரே ஆட்களைச் சுற்றிச் சேர்ந்து வரும்போதுதான் நிமிர்ந்து உட்கார வேண்டும்: ஒரே முகவரி, ஒரே கையெழுத்தில் நிரப்பிய சேர்க்கைப் படிவங்கள், ஒரே வேனில் வந்து ஒரே வேனில் போவது, எப்போதும் அவர்களுக்காகப் பேசுகிற ஒருவன்.

அந்தப் "பேசுகிறவன்" மேல் ஒரு கண் இருக்கட்டும். எனக்குத் தெரிந்த ஒரு கூடத்தில் ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒருவர் கவனித்தது இதைத்தான்: சம்பளச் சீட்டு உறையை வாங்கியவர்கள் பிரிக்கவே இல்லை, வாசலில் நின்ற இன்னொருவரிடம் அப்படியே கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த மேற்பார்வையாளர் எந்தப் பயிற்சிக்கும் போனவர் இல்லை, தன் சம்பளத்தில் எவ்வளவு பிடித்திருக்கிறான் என்று ஒரு தடவை கூடப் பார்க்காத மனுஷன் உண்டா என்ற சாதாரணச் சந்தேகம்தான். உங்கள் நிறுவனத்தில் இந்த மாதிரி கண்கள் இருப்பது மேற்பார்வையாளர், வாசல் காவலாளி, கேன்டீன்காரர் ஆகியோரிடம். பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தை அவர்களுக்குச் செலவழியுங்கள். தலைமை அலுவலகத்தில் எல்லோரும் ஆன்லைனில் இருபது நிமிட வீடியோ பார்த்து டிக் அடிப்பதால் பெல்ட் பக்கம் எதுவும் மாறாது. சாப்பாட்டு இடைவேளையில் சாப்பாடே கொண்டு வராதவர், ஜனவரியில் கோட் இல்லாமல் வருகிறவர், பெல்ட்டில் வந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துச் சாப்பிடுகிறவர், அடிபட்ட காயத்தோடு வந்து ஒன்றுமில்லை என்கிறவர், இவர்களைத் தினமும் பார்ப்பவர்கள் அந்த மேற்பார்வையாளரும் காவலாளியும் கேன்டீன்காரரும்தான்.

தொழிலாளியிடம் பேசும்போது "உன்னை யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். பயம் ஒரு பக்கம், தன்னை அடிமை என்று யாரும் நினைத்துக்கொள்வதில்லை என்பது இன்னொரு பக்கம். சின்னச் சின்னக் கேள்விகள் போதும். ஏடிஎம் கார்டு உங்களிடம்தானே இருக்கிறது? வீட்டுச் சாவி? இந்த வேலை கிடைக்க யாருக்காவது காசு கொடுத்தீர்களா? வாடகை எவ்வளவு, யாருக்குக் கொடுக்கிறீர்கள்? பாஸ்போர்ட் எங்கே? தனியாக, அவர் மொழியில், வெளியிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேளுங்கள். போன் வழி மொழிபெயர்ப்புச் சேவை கூடப் போதும். கூட வேலை செய்கிறவரை மொழிபெயர்க்க வைத்தால் நீங்கள் கேட்பது யாருடைய காதுக்குப் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. உதவி எண் போட்ட சுவரொட்டியை வரவேற்பறையில் ஒட்டுவதும் வீண். கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், ஒரு மனிதன் யாரும் பார்க்காமல் எதையாவது படிக்கக்கூடிய இடம் ஆலையில் அது ஒன்றுதான். தேசிய உதவி எண் 08000 121 700.

கடன் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு செங்கல் சூளையில் கட்டிப்போடுவது நமக்குத் தெரிந்த கதை, 1976இல் இந்தியாவில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே அதற்காக. இங்கே கடன் வந்து இறங்கிய பிறகு முளைக்கிறது. பஸ் டிக்கெட்டுக்கு இவ்வளவு, வேலை பிடித்துக் கொடுத்ததற்கு இவ்வளவு, கட்டிலுக்கு வாரம் இவ்வளவு, தினம் வேனில் ஏற்றி இறக்க இவ்வளவு. வேலை வாங்கித் தருவதற்குத் தொழிலாளியிடம் ஏஜென்சி காசு வாங்குவது பிரிட்டனில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம், ஆனால் காசு வாங்குவது ஏஜென்சி ஆக இருக்காது, அதற்குக் கீழே நிற்கும் ஆள் பிடிக்கும் புரோக்கராக இருக்கும். நம் மாணவர்களும் இந்த வலையில் விழக்கூடியவர்கள்தான். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது, ஊரில் பேங்க் லோன் காத்திருக்கிறது, "இன்னொருத்தன் பெயரில் ஷிப்ட் போடு, சம்பளத்தில் பாதி எனக்கு" என்று ஒருவன் வருகிறான். ஒரு வாரம் செய்துவிட்டால் அப்புறம் அவன் கையில் இருப்பது உங்கள் விசா. "ஹோம் ஆபீஸுக்கு (விசாவைக் கவனிக்கும் உள்துறைக்கு) ஒரு போன் போட்டால் போதும்" என்ற ஒரு வாக்கியத்துக்கு அடியை விட பலம் அதிகம்.

நீங்கள் கொள்முதல் பிரிவில் இருப்பதால் உங்கள் கையில் நேரடியாக இருப்பது விலை. ஏஜென்சிக்கு மணிக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று பாருங்கள். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்ட் ஆனது, அதற்குப் பிறகு அது இன்னும் ஏறியது. அந்த 12.21ஐயே வைத்துக் கணக்குப் போடுவோம். விடுமுறைச் சம்பளம் 12.07 சதவீதம் சேர்த்தால் 13.68 ஆகிறது. 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஆண்டுச் சம்பளத்துக்கு முதலாளி கட்டும் தேசியக் காப்புறுதி 15 சதவீதம், பென்ஷன் 3 சதவீதம். முழு நேர ஆளுக்கு எல்லாம் சேர்ந்து மணிக்குப் பதினைந்தரை பவுண்டைத் தாண்டிவிடும், இதில் ஏஜென்சியின் லாபம், அலுவலகச் செலவு எதுவும் இன்னும் வரவில்லை. இப்போது உங்கள் ஒப்பந்தத்தில் மணிக்கு 14.50 என்று இருந்தால் அந்த வித்தியாசத்தை யார் கட்டுகிறார்கள்? ஏஜென்சி தர்மத்துக்கு நடத்தவில்லை. விடுமுறைச் சம்பளத்தில் கை வைக்கிறான், அல்லது கீழே இருக்கும் புரோக்கரிடமிருந்து ஆள் எடுக்கிறான், புரோக்கர் தன் காசைத் தொழிலாளியிடம் எடுக்கிறான். ஒப்பந்தப் புள்ளியில் எல்லாரையும் விடக் குறைந்த விலை போட்டவனைப் பிடித்துவிட்டோம் என்று கை தட்டிக்கொண்டே, இன்னொரு பக்கத்தில் அடிமைத்தனத்தை ஒழிப்போம் என்று எழுதுவது நடக்காத காரியம். உப ஏஜென்சியிடம் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆள் எடுக்கக்கூடாது என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் வேண்டும், அந்த வரி பின்பற்றப்படுகிறதா என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்க்கவும் வேண்டும்.

சந்தேகம் உறுதியாகிற மாதிரி இருந்தால் என்ன செய்வது? பெரும்பாலான நிறுவனங்கள் கெடுப்பது இந்த இடத்தில்தான். செய்தி வந்த அன்றே ஏஜென்சி ஒப்பந்தத்தை ரத்து செய்து, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஆட்களை அனுப்பிவிட்டுக் கை கழுவுவார்கள். அந்த ஆள் ஷிப்ட் முடிந்து திரும்பிப் போவது அதே வீட்டுக்கு, அதே கங்காணியிடம். இரண்டே நாளில் வேறு ஊரில் வேறு பெயரில் இருப்பார். நீங்களாக யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம், கங்காணி என்று சந்தேகப்படுகிறவரிடம் மூச்சு விட வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999, இல்லையென்றால் உதவி எண்ணிலோ போலீஸிடமோ பேசி, அவர்கள் சொல்கிற மாதிரி நடந்துகொள்ளுங்கள். சில சமயம் "எதுவும் தெரியாத மாதிரி இன்னும் சில நாள் ஷிப்ட் ஓடட்டும்" என்று சொல்வார்கள். பாதிக்கப்பட்டவரை அடையாளம் காணும் அரசு வழிமுறைக்கு என்.ஆர்.எம். என்று பெயர். அதற்குப் பரிந்துரைக்கும் அதிகாரம் போலீஸ், உள்ளாட்சி, சில தொண்டு நிறுவனங்கள் போன்றவர்களுக்குத்தான் உண்டு, கம்பெனி நேரடியாகச் செய்ய முடியாது. வயது வந்தவராக இருந்தால் அவர் சம்மதமும் தேவை. கட்டாயப்படுத்தப்பட்டதால் சில சட்டமீறல்களைச் செய்தவருக்கு அதே 2015 சட்டத்தின் 45ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது, இதை உங்கள் மனிதவளப் பிரிவு தெரிந்து வைத்திருப்பது நல்லது. மீண்டு வந்தவருக்கு அவர் விரும்பினால் வேலை காத்திருக்கும் என்பதையும், கார்டு பறிபோனதால் கைக்கு வராமல் போன பணத்துக்கு என்ன செய்வோம் என்பதையும் பிரச்சினை வரும் முன்பே முடிவு செய்து வையுங்கள். வந்த பிறகு வக்கீல்கள் முடிவு செய்ய விடமாட்டார்கள்.

இனி வாங்கும் பொருள்கள். எல்லாவற்றையும் துருவ முடியாது, லாரி வாங்குவதில் உங்களுக்குப் பெரிய பிடி கிடையாது. கையுறையில் தொடங்குங்கள், கழிவு நிறுவனம் ஓயாமல் வாங்குகிற பொருள் அது. மலேசியாவின் டாப் குளோவ், உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை நிறுவனம். 2020 ஜூலையில் அதன் துணை நிறுவனங்களின் சரக்கைக் கட்டாய உழைப்புக் காரணம் காட்டி அமெரிக்கச் சுங்கம் தடுத்தது. வங்கதேசம், நேபாளம் போன்ற இடங்களிலிருந்து ஏஜென்ட்டுக்குக் கடன் வாங்கிக் கட்டி வந்தவர்கள் அங்கே வேலை செய்தார்கள். தொழிலாளர்கள் கட்டிய ஏஜென்ட் கட்டணத்தை நிறுவனம் திருப்பித் தந்து, விடுதிகளைச் சீர் செய்த பிறகு 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. அங்கே நிறுவனம் அசைந்ததற்கு ஒரு காரணம் இருந்தது: சரக்கு துறைமுகத்தில் நின்றது. உங்கள் சப்ளையருக்கு நாற்பது கேள்விப் படிவம் அனுப்புவதை விட ஒரே கேள்வி கேளுங்கள், தொழிலாளி வேலைக்கு வர யாருக்குக் காசு கட்டினார், அதைத் திருப்பிக் கொடுத்தாரா முதலாளி என்று.

வேலை உடையில் பருத்தி இருந்தால் தையல் ஆலையோடு நின்றுவிட வேண்டாம், நூற்பாலை வரை கேளுங்கள். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் திண்டுக்கல், கோவை, ஈரோடு வட்டாரத்து மில்களில் சின்னப் பெண்களை விடுதியில் அடைத்து, மூன்று வருடம் முடிந்தால்தான் மொத்தத் தொகை என்று வேலை வாங்கியதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஏற்றுமதிக் கம்பெனியில் தணிக்கைக்காரர் பார்த்த தையல் தளம் பளபளவென்றுதான் இருந்தது. தணிக்கையை அளவோடுதான் நம்ப வேண்டும் என்பதற்கு இங்கிலாந்திலேயே உதாரணம் உண்டு: டியூஸ்பரியில் ஹங்கேரித் தொழிலாளர்களை அடிமையாக வைத்திருந்த கட்டில் மெத்தைத் தொழிற்சாலை முதலாளிக்கு 2016இல் 27 மாதச் சிறை கிடைத்தது. அந்தத் தொழிற்சாலையிலிருந்து பெயர்பெற்ற கடைகள் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தன, அவர்கள் அனுப்பிய தணிக்கை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

கழிவுத் தொழிலில் மற்றவர்கள் யோசிக்காத ஒரு பக்கம் இருக்கிறது, நீங்கள் வாங்குவதோடு சங்கிலி முடியவில்லை, விற்பதிலும் ஓடுகிறது. பிரித்து அழுத்திக் கட்டிய பிளாஸ்டிக் மூட்டைகள் (பேல்கள்) எங்கே போகின்றன? 2018 தொடக்கத்தில் சீனா கதவை மூடியதும் உலகத்துக் குப்பை மலேசியா, துருக்கி என்று திரும்பியது. சிலாங்கூரில் ஜெஞ்சாரோம் என்ற சின்ன ஊரைச் சுற்றி உரிமமில்லாத பிளாஸ்டிக் ஆலைகள் காளான் மாதிரி முளைத்தன, எரிக்கிற புகையில் ஊர்க்காரர்கள் மூச்சு முட்டினார்கள். 2020 ஜனவரியில் மலேசியா 150 கன்டெய்னர்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அறிவித்தபோது அதில் 42 பிரிட்டனுக்கு. உரிமமே இல்லாத ஆலைக்குள் யார் நின்று தரம் பிரித்தார்கள், அவர்கள் பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது என்று பிரிட்டனில் பேல் கட்டி அனுப்பிய எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கழிவு கைமாறும்போது எழுதும் டிரான்ஸ்பர் நோட்டை இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள், ஒவ்வொரு டன்னும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று அதில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தையே ஆட்கள் விஷயத்திலும் கொஞ்சம் நீட்டினால் போதும். ஏற்றுமதித் தரகரிடம் கடைசி ஆலையின் பெயரையும் முகவரியையும் கேளுங்கள், கொடுக்கத் தயங்குகிறவரிடம் விற்காதீர்கள். டன்னுக்குச் சில பவுண்ட் குறையும், அதைக் கணக்கில் காட்டி மேலே அனுமதி வாங்குவதும் உங்கள் வேலைதான்.

கடைசியாக அறிக்கை. "நாங்கள் அடிமைத்தனத்தைச் சிறிதும் சகிக்க மாட்டோம்" என்று தொடங்கும் பத்தியை முதலில் அடித்துவிடுங்கள், அதைப் படித்து யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. எத்தனை ஏஜென்சியிடம் ஆள் எடுக்கிறோம், எத்தனை இடங்களில் சம்பளப் பட்டியலைச் சோதித்தோம், எத்தனை சந்தேகம் வந்தது, அதில் எத்தனையை போலீஸுக்கோ உதவி எண்ணுக்கோ சொன்னோம், எங்கே இன்னும் பார்க்கவில்லை என்பதை எழுதுங்கள். ஆயிரக்கணக்கான ஏஜென்சி ஆட்களை வைத்திருக்கும் நிறுவனம் "ஒரு சந்தேகம் கூட வரவில்லை" என்று வருடா வருடம் எழுதினால் அவர்கள் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். மேலாளர் தயங்கினால் கவுன்சில் ஒப்பந்தங்களைக் காட்டுங்கள், உங்கள் வருமானத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வரும். 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய அரசுக் கொள்முதல் சட்டத்தில் அடிமைத்தனக் குற்றமும் தொழிலாளர் முறைகேடும் டெண்டரிலிருந்து விலக்கக் காரணங்களாக இருக்கின்றன. அறிக்கையை இயக்குநர் குழு ஏற்று, ஒரு இயக்குநர் கையெழுத்துப் போட்டு, இணையதளத்தின் முகப்புப் பக்கத்திலேயே இணைப்பு வைக்க வேண்டும். நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள் வெளியிடச் சொல்கிறது அரசு வழிகாட்டல், அரசின் பதிவேட்டிலும் ஏற்றிவிடுங்கள். மார்ச்சில் கணக்கு முடிக்கிற நிறுவனம் என்றால் செப்டம்பர் கடைசிக்குள், ஆகவே பேரோல்காரரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள், கோடை விடுமுறை வந்தால் ஆள் கிடைக்க மாட்டார்.